டர்பன் பக்கம் ஆஃப்-ரோடு பைக் வாரண்டியும் டீலர் சர்வீஸும்: ஜாப் கார்டு கவுண்டரிலிருந்து ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க் வரை ஆஃப்-ரோடு பைக் விற்கும் கடைகளை ஷோரூமைப் பார்த்து எடைபோட முடியாது. எல்லாமே பளபளப்பு, எல்லாவற்றிலும் காபி மெஷின். கடையின் குணம் தெரிவது பின்பக்கம், ஜாப் கார்டு (வண்டிக்கு என்ன வேலை என்று பதியும் சீட்டு) எழுதும் கவுண்டரில். இந்த மதிப்பீடு அந்தக் கவுண்டரைப் பற்றியது. கடைப் பெயர் சொல்லாததற்குக் காரணம் உண்டு: சர்வீஸ் மேனேஜர் ஒருவர் மாறினாலே அதே கடை வேறு கடையாகிவிடுகிறது. பெயரை நம்பிப் போவதைவிட எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து போவது மேல்.

முதலில், வாரண்டி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சரக்குகள் இருக்கின்றன. நம்பர் பிளேட்டோடு வரும் அட்வென்ச்சர் பைக்குகள் (யமஹா டெனெரே 700, ஹோண்டா ஆஃப்ரிக்கா ட்வின், பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வகையறா) கார் போலவே கிலோமீட்டரில் கணக்கிடப்படுபவை. இவற்றின் வாரண்டி உண்மையான வாரண்டி. பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது. அடுத்து கேடிஎம் ஈஎக்ஸ்சி போன்ற எண்டியூரோ பைக்குகள், அதாவது கரடுமுரடான காட்டு வழிகளில் நெடுநேரம் ஓட்டச் செய்தவை. இவற்றின் கணக்கு மணி நேரத்தில். கையேட்டில் முதல் சர்வீஸ் ஓரிரு மணி நேர ஓட்டத்திலேயே வந்துவிடும். ஆயில் மாற்றம் 15 மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற அளவில். இங்கே வாரண்டி பாதி நிஜம், பாதி பேச்சுவார்த்தை. மூன்றாவது, பந்தயத்துக்கென்றே செய்த மோட்டோகிராஸ் பைக்குகள். ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் கையேட்டைப் புரட்டினால் பராமரிப்பை 'இத்தனை பந்தயம் அல்லது இத்தனை மணி நேரம்' என்றுதான் எண்ணியிருப்பார்கள். பிஸ்டனையே தேயும் பொருளாகக் கருதும் பைக்குக்குக் கம்பெனி வாரண்டி தருவதில் தயக்கம் இருப்பது இயல்பு. விற்பவர் "இதற்கும் முழு வாரண்டி இருக்கு தம்பி" என்று சொன்னால் அதை இன்வாய்ஸிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த விஷயத்தில் ஏட்டில் இருக்கும் சுரைக்காய்தான் கறி.

டீலர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது புரிந்தால் பாதிச் சண்டை குறையும். வாரண்டி வேலைக்குப் பணம் கொடுப்பவர் இறக்குமதியாளர் அல்லது கம்பெனி. ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் ஒரு நிலையான நேரத்தை வகுத்து வைத்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு மட்டும்தான் கூலி. அடிக்கடி வந்து மறையும் மின்கோளாறைத் தேடி மெக்கானிக் அரை நாள் செலவிட்டாலும், கழன்ற கனெக்டரை மாற்றும் நேரம்தான் கணக்கில் வரும். மீதி டீலரின் கைநஷ்டம். அதோடு சேஸிஸ் எண், எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரின் படம், பழுதின் படம், கழற்றிய பாகம், சர்வீஸ் வரலாறு எல்லாம் கம்பெனிக்குப் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே நாமே படத்தோடும் தேதியோடும் போய் நின்றால் டீலர் நம் பக்கம் சாய்வார். அவரும் நம்மோடு சேர்ந்து கேட்கும் ஆள்தான், கொடுக்கும் ஆள் இல்லை.

இனி விஷயத்தின் மையம்: தூசி. வடகரையில் டொங்காட், வெருலம் பக்கம் நம் கொள்ளுத்தாத்தாக்கள் வெட்டிய அதே கரும்புக் காட்டு வழிகளில்தான் இன்று பாதிப் பேர் ஓட்டுகிறார்கள். அறுவடைக் காலத்தில் கரும்பு லாரிகள் அரைத்துப் போட்ட மாவு போன்ற மண், ஏர் ஃபில்டரின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் உள்ளே போய்விடும். போனால் முதலில் தேய்வது காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வும் அது உட்காரும் சீட்டும். வால்வ் சீட்டுக்குள் அமிழ அமிழ, கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் இடையிலான சிறு இடைவெளி) குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகும். சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். பிறகு பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும். வாடிக்கையாளர் "புது பைக், இருபதே மணி நேரத்தில் வால்வ் போச்சு" என்று வருவார். மெக்கானிக் ஏர் பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைப்பார். துணியில் பழுப்புக் கோடு விழுந்தால் கதை அங்கேயே முடிந்தது. தூசி தின்ற எஞ்சினுக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. கசப்பாக இருந்தாலும், அந்த மறுப்பு பெரும்பாலும் நியாயமானதே.

அதே துணிச் சோதனையை ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் நீங்களே செய்யலாம். நுரை ஃபில்டரை ஃபில்டர் ஆயிலில் முழுக்க நனைத்து, முறுக்காமல் பிழிந்து, உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவி, கூண்டின் ஊசி துளையில் சரியாக விழுந்ததா என்று பார்த்துப் பூட்ட வேண்டும். குழாயின் உட்புறத்தைத் துடைத்த துணியோடு மணி மீட்டரும் தெரிய ஒரு படம். பத்து வினாடி வேலை. வால்வ் சீட் உண்மையிலேயே மோசமான வார்ப்பாக இருந்தால், அந்தப் படங்கள்தான் உங்களுக்குச் சாட்சி. பெட்ரோலில் கழுவினால் நுரையை ஒட்டிய பசை விட்டுப்போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதற்கென்று விற்கும் கிளீனரை வாங்குங்கள்.

மற்ற பாகங்களில் ஃபோர்க் சீல் கசிவு தேய்மானக் கணக்கில்தான் சேரும். ஆனால் முதல் ஓட்டத்திலேயே கசிந்தால் நகத்தை ஃபோர்க் குழாயில் மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் பொருத்தும்போது சீல் கிழிந்திருக்க வாய்ப்புண்டு, கேட்கலாம். தட்டினால் அது கல் அடி, கேட்டுப் பயனில்லை. வீல் பேரிங் சீக்கிரம் போனால் டீலர் கேட்கும் முதல் கேள்வி பிரஷர் வாஷர் பற்றியது. தண்ணீரை ஆக்ஸிலுக்கு நேராகப் பீய்ச்சும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஸ்போக் விஷயத்தில் டீலரைத்தான் குறை சொல்ல வேண்டும்: புதுச் சக்கரத்தில் ஸ்போக்குகள் முதல் சில மணி நேரத்தில் உட்கார்ந்து தளரும், முதல் சர்வீஸில் இறுக்கியே ஆக வேண்டும். அதைச் செய்ததாக ஜாப் கார்டில் ஒரு வரி இல்லாவிட்டால், பின்னால் ரிம் லாக் (டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் கவ்வி) பக்கத்து ஸ்போக் உடைந்து ரிம்மில் விரிசல் விடும்போது அது 'மோதலால் வந்த சேதம்' ஆகிவிடும்.

கிளட்ச் பிளேட் கருகினால் உங்கள் செலவு. லீவரை இழுத்தால் திரவ அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்தால் கேட்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை. மாகுரா நிறுவனத்தின் ஹைட்ராலிக் கிளட்ச் பலவற்றில் ஓடுவது மினரல் ஆயில். பிரெம்போ நிறுவனத்தின் கிளட்சில் பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப் பெருத்துக் கெடும், யார் ஊற்றினார்கள் என்ற கேள்வி எழும். மூடியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திறங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சிக்கினால் வாரண்டி கிடைப்பது அரிது. பெட்ரோல்-ஆயில் கலவை விகிதம் (கேடிஎம் கார்புரேட்டர் மாடல்களில் 60:1), கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட், எரிபொருள் என்று கம்பெனிக்குத் தப்ப ஆயிரம் வழி. ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் குடித்து கனெக்டிங் ராடு வளைந்தால் முறையிடவே வேண்டாம். ஆயில் பால்போல வெளுத்திருப்பதே வாக்குமூலம்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையில் பெரும்பாலும் 95 ஆக்டேன்தான் கிடைக்கும். உள்நாட்டுப் பம்புகளில் 93-உம் உண்டு. லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸின் உச்சி 2,876 மீட்டர். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் 93-இல் பெரும்பாலான எஞ்சின்கள் தட்டாது (எரிபொருள் தாறுமாறாக வெடித்து டக்-டக் ஓசை எழாது). சிக்கல், அதே டேங்கோடு கீழே இறங்கி வந்து கடல் மட்டத்தில் முழு திராட்டிலில் ஓட்டும்போது. கையேடு 95 கேட்டால் 95-இன் ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உள்சேதம் என்றால் ரசீது கேட்கப்படலாம்.

பைக்கில் செய்த மாற்றங்கள் வாரண்டியை முழுவதுமாகக் கொன்றுவிடும் என்று கவுண்டரில் மிரட்டுவார்கள். அப்படியில்லை. பழுதுக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். ஹேண்டில்பார் மாற்றியதால் கியர்பாக்ஸ் பேரிங் போகாது. ஆனால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் மேப்பை (அதன் அமைப்பு அட்டவணையை) மாற்றியிருந்தால் எஞ்சின் பழுதில் வாய் திறக்க முடியாது. மேப்பைப் பழையபடி மாற்றிவிட்டுப் போனாலும், பல ஈசியூக்களில் எழுதிய தடம் நிற்கும். கூடுதல் விளக்குக்காக வயரை அறுத்துக் கவ்வி போட்டு இணைத்திருந்தால் மின்கோளாறு எதற்கும் கிளெய்ம் இல்லை. கம்பெனியே விட்டிருக்கும் துணைக் கனெக்டரிலிருந்து எடுத்தால் அந்தப் பிரச்சினையே வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கவுண்டரில் யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் அடிப்படை. அதன் 56-ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் வாடிக்கையாளர். பழுது பார்த்த மூன்று மாதத்துக்குள் அதே குறை தொடர்ந்தாலோ வேறு குறை தலைகாட்டினாலோ, மாற்றமோ பணமோதான். மறுபடி ரிப்பேர் என்று இழுக்க முடியாது. 'பந்தய பைக், வாரண்டி இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் இந்த உரிமை போய்விடாது. ஆனால் அந்தப் பைக்கின் இயல்பான பயன்பாடு எது, எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்பதும் அளவுகோலில் சேரும் என்பதால், தேய்ந்த பிஸ்டனை இதை வைத்து வாதாடி ஜெயிக்க முடியாது. ஃபிரேமில் வெல்டிங் விரிசல் என்றால் முடியும். பைக்கைக் கையேட்டுக்கு மாறாகத் திருத்தியிருந்தால், திருத்திய அளவுக்கு இந்தப் பாதுகாப்பு நீங்கும்.

இரண்டு பொறிகள். ஆண்டு வரவு அல்லது சொத்து 20 லட்சம் ராண்டைத் தொடும் கம்பெனி பெயரில் வரிச் சலுகைக்காக பைக்கை வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் உங்களைக் காக்காது. தனி ஆளிடம் வாங்கிய பழைய பைக்குக்கும் இது பொருந்தாது. டீலரிடம் வாங்கிய பழைய பைக்குக்குப் பொருந்தும். பிராண்டின் அனுமதி இல்லாமல் வெளியிலிருந்து வந்த வண்டி என்றால், அதை விற்பவர் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. விலை வழக்கத்துக்கு மீறி மலிவாக இருந்தால் அந்த அறிவிப்பைத் தேடுங்கள்.

சர்வீஸ் பில்லில் சண்டை வருவது பெரும்பாலும் 'பிரித்துப் பார்த்த கூலி' என்ற வரியில். கிளெய்ம் ஏற்கப்பட்டால் அந்தக் கூலி இல்லை. நிராகரிக்கப்பட்டால் எஞ்சினைப் பிரித்ததற்கும் பூட்டுவதற்கும் நம் தலையில் விழும். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, முன்பே சொல்லி நம் ஒப்புதல் பெறாத சோதனைக் கூலியை வாங்கக் கூடாது, ஒப்புக்கொண்ட மதிப்பீட்டைக் கேட்காமல் தாண்டவும் கூடாது. ஆகவே வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் 'சிலிண்டர் ஹெட் வரை மட்டும் பிரிக்கலாம், இத்தனை ராண்டுக்கு மேல் போனால் போன் செய்ய வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நல்ல கடை இதை வரவேற்கும். முகம் மாறினால் அதுவே உங்களுக்கு மதிப்பெண் அட்டை. மாற்றிய பாகத்தையும் அதைப் பொருத்திய வேலையையும் 57-ஆம் பிரிவு குறைந்தது மூன்று மாதத்துக்கு உத்தரவாதமாக்குகிறது. கழற்றிய பழைய பாகத்தைச் சுத்தமான பையில் போட்டுத் தர வேண்டும் என்று 67-ஆம் பிரிவு சொல்கிறது. வாரண்டி வேலையில் பழைய பாகத்தைக் கம்பெனி திரும்பக் கேட்கும். அப்போது கொடுக்கும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பாக எண்ணோடு.

கடைகளில் கண்ட வேறுபாடுகளுக்கு வருவோம். புது பைக்கை ஒப்படைக்கும் முன் ஸ்டியரிங் பேரிங், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், அதைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்கேஜ் ஆகியவற்றுக்கு கிரீஸ் வைத்துத் தருவீர்களா என்று கேளுங்கள். தொழிற்சாலையில் இவற்றுக்குப் பெயருக்கு ஒரு துளிதான் வைக்கிறார்கள் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த ரகசியம். "அது தேவையில்லை" என்பவர் சாலை பைக் கடைக்காரர்; "கூலி இவ்வளவு ஆகும், செய்யலாம்" என்பவர் மண் தெரிந்தவர். பின் ஸ்ப்ராக்கெட் போல்டுகளில் திரெட் லாக் (கழன்றுவிடாமல் பிடிக்கும் பசை) இருக்கிறதா என்று தானே பார்ப்பவரை விடவே கூடாது. பெரிய பிராண்ட் டீலர்களிடம் கணினிச் சோதனைக் கருவி, ரீகால் தகவல், கம்பெனியோடு நேரடித் தொடர்பு எல்லாம் வலுவாக இருக்கும். பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ்ஸின் ஃபோர்க் குழாய்களைப் பற்றி 2017-இல் வந்த சோதனை போன்றவை அவர்கள் வழியாகத்தான் நடக்கும். பழைய ஜிஎஸ் வாங்குபவர்கள் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அது முடிந்ததா என்று கேட்க வேண்டும். ஆனால் அதே கடைகளில் சஸ்பென்ஷன் சேக் (ஆள் உட்காரும்போது அது அமிழும் அளவு) செட்டப் செய்யத் தெரிந்த ஆள் அபூர்வம். சிறிய ஆஃப்-ரோடு கடைகளில் நேர்மாறு: வேலை அருமை, காகிதம் அலங்கோலம். வேலை அருமையாக இருந்தாலும் வாரண்டிக் காலத்தில் காகிதம் இல்லாத கடைக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

பாகம் வரும் வேகம் டீலர் கையில் இல்லை. கேடிஎம் 2024 நவம்பர் இறுதியில் ஆஸ்திரியாவில் திவால் நடைமுறைக்குப் போய், 2025-இல் பஜாஜின் பணத்தால் மீண்டது. அப்படி ஒரு நிறுவனம் தள்ளாடும் காலத்தில் உத்தரவாதப் பாகங்கள் எப்போது வரும் என்று டீலரால் வாக்குக் கொடுக்க முடியாது. வாக்குக் கொடுப்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேடிஎம்மின் 790, 890 வரிசையில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) தேய்மானப் புகார்கள் பரவலாக எழுந்தவை. எஞ்சின் மேற்பகுதியில் டிக்-டிக் ஓசை கேட்டால் வாரண்டி முடியும் முன்பே ஜாப் கார்டில் பதியச் சொல்லுங்கள். அன்று எதுவும் கண்டுபிடிக்காவிட்டாலும், புகார் எழுந்த தேதி காகிதத்தில் நிற்கும். டிசம்பர் 16-க்குப் பிறகு புத்தாண்டு தாண்டும்வரை இறக்குமதியாளர் அலுவலகங்கள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். கிளெய்ம் இருந்தால் நவம்பருக்குள் போட்டுவிடுங்கள்.

நீட்டித்த வாரண்டி என்று ஷோரூமில் தனிப் பணத்துக்கு விற்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. நிபந்தனைகளில் 'ஆஃப்-ரோடு பயன்பாடு நீங்கலாக' என்ற வரியைத் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். அட்வென்ச்சர் பைக்கைத் தாரில் மட்டும் ஓட்டுபவருக்கு வேண்டுமானால் பொருந்தும்.

நிராகரித்தால் முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பாகம், என்ன சோதனை, என்ன அளவு. 'தவறான பயன்பாடு' என்ற இரண்டு சொல் காரணம் ஆகாது. டீலருக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுத்த பின் வாடிக்கையாளர் புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை. தொகை 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு கோரிக்கை நீதிமன்றம் வேகமானது. முதலில் 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம், பிறகு சம்மன். அங்கே வக்கீல் இல்லை, டீலருக்கும் இல்லை. ஆகவே படங்களும் ஜாப் கார்டுகளும் மட்டுமே பேசும்.

கடைசியாக, வண்டியைத் திரும்ப எடுப்பது. சனிக்கிழமை மூடும் நேரத்துக்குப் போய் பக்கியில் (பிக்கப் வண்டியில்) அவசரமாக ஏற்றாதீர்கள். வெளிச்சத்தில் எடுங்கள். மணி மீட்டர் விட்டபோது இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். சோதனை ஓட்டம் என்றால் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். ஆயில் வடிப்பானின் அடியில் ஈரம், ஆக்ஸில் நட், செயின் தொய்வு, ரேடியேட்டர் மூடி, பிரேக் லீவரின் பிடிமானம். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருங்கள்.